போர்க்காலச் சிங்கப்பூரை ஒரே நாளில் காண: இராமநாதபுரக் கரையிலிருந்து செல்வோருக்கு

தொண்டி, பனைக்குளம், கீழக்கரை ஆகிய ஊர்களில் சபர், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போன பாட்டனார் ஒருவரேனும் இல்லாத குடும்பங்கள் குறைவு. ஆகவே உறவினரைக் காணச் சிங்கப்பூர் செல்பவர்கள், 1942 முதல் 1945 வரை அந்நகரம் ஜப்பானியரின் பிடியில் இருந்த காலத்தை அறிய ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புறப்படுவதற்கு முன்பே வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு, அக்காலத்தில் அங்கிருந்தவர் யார், எந்தப் படையில் சேர்ந்தார், எப்போது கடிதம் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து மாண்டவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடி, நினைவுச் சுவரில் அது எங்கே உள்ளது என்ற எண்ணைப் பெறலாம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் பலவாறாக எழுதியிருப்பார்கள் என்பதால் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பாருங்கள். வழியில் காணவுள்ள பழைய ஃபோர்டு தொழிற்சாலை அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். வேறு நாளில் செல்லுங்கள்.

வெயில் ஏறுமுன் எம்ஆர்டி ரயிலில் கிராஞ்சிக்குச் சென்றுவிடுங்கள். அங்குள்ள போர் நினைவிடத்தில் 4,400க்கும் அதிகமான கல்லறைகளும், உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களும் உள்ளன. தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களுக்கான நினைவுச் சின்னத்தைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களை இச்சுவர்களில் தேட வேண்டாம். அவர்களுக்கான இடம் மாலையில் வரும்.

கிராஞ்சியிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் ஏறினால், அப்பர் புக்கிட் தீமா சாலையில் உள்ள பழைய ஃபோர்டு தொழிற்சாலையில் இறங்கலாம். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படைத்தலைவர் ஜெனரல் பெர்சிவல், ஜப்பானியப் படைத்தலைவர் யமாஷிதாவிடம் சரணடைந்தது இக்கட்டடத்தில்தான். இங்கே அவசரப்படாதீர்கள். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுகளும், அரிசி கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக்கிழங்கால் பசியாறிய செய்திகளும், சபுராளிகள் பணமும் கடிதமும் அனுப்ப வழியின்றி இருந்த அந்த மூன்றரை ஆண்டுகளை, எந்தப் போர்முனைக் கதையையும் விடத் தெளிவாக விளங்க வைக்கும்.

அதே பேருந்து குயின் ஸ்திரீட் வரை செல்லும். அருகிலுள்ள வாட்டர்லூ ஸ்திரீட்டில்தான் 1943 அக்டோபரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில், இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. பின்னர் பீச் சாலையில் உள்ள பொதுமக்கள் போர் நினைவுச் சின்னத்துக்கு நடந்து செல்லுங்கள். நான்கு இனத்தவரைக் குறிக்கும் நான்கு தூண்களின் அடியில், கொல்லப்பட்டவர்களின் எச்சங்கள் 606 தாழிகளில் புதைக்கப்பட்டுள்ளன. பீடத்தில் தமிழ் வாசகமும் உண்டு.

வெயில் தணிந்ததும் பாடாங் திடலுக்கு வாருங்கள். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி இங்கே இந்திய தேசிய ராணுவ அணிவகுப்பைப் பார்வையிட்டு, 'டெல்லி சலோ' என்று முழங்கினார். எதிரே எஸ்பிளனேட் பூங்காவில், அந்த ராணுவத்தில் மாண்டவர்களுக்காக அவர் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்துவிட்டனர். அவ்விடத்தில் 1995இல் வைக்கப்பட்ட அடையாளப் பலகையை இன்று காணலாம். அங்கே மாலை ஏழு மணி ஆகும்போது நம் ஊரில் நாலரைதான் என்பதால், குறிப்பு எழுதித் தந்த மூத்தவரை அவ்விடத்திலிருந்தே தொலைபேசியில் அழையுங்கள். புறப்படுமுன் அவர் சொல்லாது விட்ட பெயர்கள் அப்போது நினைவுக்கு வரக்கூடும்.