செலக்ட் செய்த எழுத்தின் நிறம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்தில் எழுத்தை இழுத்து செலக்ட் செய்தால் வரும் நிறத்தை மாற்ற, ::செலக்‌ஷன் (::selection) என்று சிஎஸ்எஸ்ஸில், அதாவது பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியில், இரண்டு வரி போதும். புதிதாக வருபவர்கள் அந்த இரண்டு வரியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அரைப்புள்ளியை விடுவது, ஸ்பெல்லிங் தவறுவது போன்றவற்றை பிரவுசரிலேயே உள்ள சோதனைக் கருவியான டெவ்டூல்ஸே காட்டிவிடும். அவற்றை விட்டுவிடலாம்.

முன்னால் எதுவும் இல்லாமல் ::செலக்‌ஷன் எழுதுவது

தளம் முழுக்க மஞ்சள் வேண்டும் என்று ஃபைலின் தலையில் ::செலக்‌ஷன் எழுதுகிறார்கள். எச்சரிக்கைப் பெட்டிக்கு மட்டும் சிவப்பு வேண்டும் என்று .எச்சரிக்கை::செலக்‌ஷன் சேர்க்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பது, “மின் இணைப்பைத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்கவும்.” இதில் “பிறகே” மட்டும் அழுத்தம் தரும் ஸ்ட்ராங் டேக்கில். செலக்ட் செய்தால் வரி முழுக்கச் சிவப்பு, “பிறகே” மட்டும் மஞ்சள்! உடனே பெட்டியின் விதியில் மற்ற விதிகளை மீறச் செய்யும் !இம்பார்ட்டன்ட் ஏறும். ஒன்றும் நடக்காது. அடுத்து பிரவுசருக்குத் திட்டு விழும்.

பிரவுசர் மேல் தவறில்லை. முன்னால் எதுவும் இல்லாவிட்டால் அது *::செலக்‌ஷன்தான். * என்றால் எல்லாம்; பக்கத்தின் ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் (டேக்குக்கும்) மஞ்சள் நேரடியாகவே போய்விடுகிறது. நேரடி மதிப்பு இல்லாத இடத்தில்தான் பெற்றோரிடமிருந்து, அதாவது சூழ்ந்திருக்கும் எலிமென்ட்டிலிருந்து, மதிப்பு இறங்கும்; * எவ்வளவு பலவீனமான செலக்டராக (விதி எதற்கு என்று சொல்லும் பகுதியாக) இருந்தாலும் அதன் முன் இந்த இறங்குதல், அதாவது இன்ஹெரிட்டன்ஸ், நிற்காது. பெட்டியின் !இம்பார்ட்டன்ட் பெட்டிக்கு மட்டுமே. ஸ்ட்ராங்கை அது தொடாது. எரிச்சல் என்னவென்றால், ஹெச்டிஎம்எல்5 பாய்லர்பிளேட் போன்ற ஆரம்பக் கோப்புகளிலேயே இந்த விதி இருக்கிறது. தானே எழுதாத வரியை யார் போய்த் தேடுவார்கள்?

:ரூட்::செலக்‌ஷன் என்று, அதாவது பக்கத்தின் வேர் எலிமென்ட்டுக்கு மட்டும், எழுதினால் சரியாகும். ஸ்ட்ராங்கின் ::செலக்‌ஷன், பெட்டியின் ::செலக்‌ஷனிலிருந்து நிறத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் குரோமில் இப்படி நிறம் இறங்கும் வழக்கம் 131ஆம் பதிப்பில், 2024 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ரூட்டில் வைத்த நிறம் கீழே இறங்காது. பிரவுசரின் வழக்கமான நீலமே தெரியும்.

பழைய, புதிய பதிப்புகள் இரண்டுக்கும் ஒத்துவர கஸ்டம் ப்ராப்பர்ட்டியே (நாமே பெயர் வைக்கும் மதிப்பு) நல்லது. :ரூட்டில் --தேர்வு என்று மஞ்சளையும், .எச்சரிக்கையில் அதே பெயரில் சிவப்பையும் வையுங்கள். பிறகு ஒரே ஒரு ::செலக்‌ஷன் விதி, அதில் பின்னணி நிறமாக வார்(--தேர்வு). இந்த மதிப்பு எலிமென்ட்டிலிருந்தே வருவதால் ஸ்ட்ராங்கும் சிவப்பாகிவிடும். இங்கே * இருப்பதுதான் வசதி.

பின்னணியை மட்டும் மாற்றுவது

பின்னணி, எழுத்து இரண்டில் எதைத் தொட்டாலும் பிரவுசர் தன் ஜோடி நிறங்கள் இரண்டையும் கைவிட்டுவிடும். கருநீலப் பின்னணி மட்டும் கொடுத்தால், கறுப்பு எழுத்து கறுப்பாகவே கிடக்கும், படிக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள், டார்க் மோடில் இன்னொரு முறை பாருங்கள்.

போல்டு, பேடிங், பின்னணிப் படம்

செலக்ட் நிற விதியில் இவை எடுபடாது. நிறங்கள், அடிக்கோடு, எழுத்தின் நிழல் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அனுமதி.

-மோஸ்- முன்னொட்டைக் கமாவால் சேர்ப்பது

-மோஸ்- என்பது பழைய ஃபயர்ஃபாக்ஸுக்கான முன்னொட்டு. கமாவால் சேர்த்த பட்டியலில் ஒரு செலக்டர் பிரவுசருக்குப் புரியாவிட்டாலும் விதி மொத்தமும் போய்விடும். ஃபயர்ஃபாக்ஸுக்கு 62ஆம் பதிப்பிலிருந்தே, அதாவது 2018 முதல், முன்னொட்டு தேவையில்லை. அழித்துவிடுங்கள்.