குறுக்கெழுத்தில் ஒளிந்திருக்கும் கருவைப் பிடிப்பது எப்படி?

சங்கேதக் குறுக்கெழுத்தில் குறிப்பு சொல்லும் கதையை நம்பவே கூடாது. தொடக்கத்திலோ முடிவிலோ விடைக்கு நேரான பொருள் இருக்கும், மிச்சச் சொற்கள் விடையைத் துண்டு துண்டாகக் கட்டித் தரும். ‘தேருக்கு முன் விசிறியின் தலை, சாப்பாடு கிடையாது (4)’ என்றால் (அடைப்பில் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை) விசிறியின் தலை வி, தேர் என்பது ரதம், ஒட்டினால் விரதம். ‘சோலையை அடுத்து இறுத்தால் தோளில் ஏறும் (3)’ என்பதில் சோலைக்குக் கா, இறுப்பதற்கு வடி, ஆகக் காவடி. கலைந்த, குழம்பிய, சிதறிய என்று வந்தால் எழுத்துகளை இடம் மாற்றிப் பாருங்கள்: ‘நகரம் கலைந்தால் பாவிகள் போகுமிடம் (4)’, நரகம். சிலவற்றில் இரண்டு பொருள் மட்டுமே இருக்கும். ‘கழுத்தில் விழும் பொழுது (2)’, மாலை. எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான், ஒரு எழுத்துகூட வீணில்லை.

சரி, கருவுக்கு, அதாவது பல விடைகளைச் சேர்த்துக் கட்டும் பொதுப்பொருளுக்கு வருவோம். விரதம், காவடி, மாலை மூன்றும் விழுந்ததும் தைப்பூசம் என்று யாருக்கும் தோன்றும், கோலாலம்பூர்க்காரர் கை தானாகப் பத்துமலை என்று எழுதப் போகும். கொஞ்சம் பொறுங்கள். நிரப்ப வேண்டிய கட்டங்கள் 6, பத்துமலைக்கு 5 எழுத்துதான். இன்னொரு மூலையில் தேங்காய் வேறு வந்திருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் இரதம் வரும் வழியெல்லாம் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பது எங்கள் பினாங்கு வழக்கம், அப்படியானால் இது அங்கே முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை. எழுத்தை எண்ணினால் 6, பொருந்துகிறது.

மூன்று விடையாவது உறுதியாகும் வரை கருவை ஊகிக்காதீர்கள் என்பேன். ஊகித்த பிறகும் கரு ஒரு சொல்லைப் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சொல்லைக் குறிப்பிலிருந்து எழுத்து எழுத்தாகக் கட்டிக் காட்ட முடியவில்லை என்றால் அது எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அழித்துவிடுங்கள். எல்லா விடையும் கருவைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, நரகத்துக்கும் தைப்பூசத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தமிழ்க் கட்டத்தில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு, பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் என்பதால் இலக்கணமே விடை சொல்லும். ங் விழுந்துவிட்டால் அடுத்த கட்டம் அநேகமாகக் க வரிசை, ஞ் என்றால் ச வரிசை, ந் என்றால் பெரும்பாலும் த வரிசை. எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்காது, ஆகவே நெடுக்கு வரிசை தொடங்கும் கட்டத்தில் உங்கள் குறுக்கு விடை புள்ளி எழுத்தை வைத்தால் அந்த விடை தவறு. தேங்காய்க்கு எனக்கு ங் ஒன்றே போதும்.

அப்புறம், புதிருக்கு மேலே முன்குறிப்பு இருந்தால் அதை முதலிலும் படியுங்கள், கடைசியிலும் படியுங்கள். 2013 ஜனவரியில் கார்டியன் நாளிதழில் அரௌகாரியா என்ற பெயரில் புதிர் அமைத்துவந்த ஜான் கிரஹாம், முன்குறிப்பில் சில விடைகளின் எண்களை மட்டும் போட்டிருந்தார். விடைகளை அங்கே நிரப்பிப் படித்தவர்களுக்குத்தான் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரு புதிரால் இவ்வளவு சொல்ல முடியும் என்று நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

முன்குறிப்பே இல்லாமலும் கரு இருக்கலாம். ஓவியர் அல் ஹிர்ஷ்ஃபெல்ட் தன் மகள் நினாவின் பெயரைப் படங்களுக்குள் ஒளித்து வைப்பார், அதனால் ஆங்கிலப் புதிர்க்காரர்கள் இப்படி ஒளித்த செய்தியை நினா என்றே அழைக்கிறார்கள். எல்லாம் நிரம்பிய பிறகு கட்டத்தின் நான்கு ஓரங்களையும் சுற்றிப் படியுங்கள், மூலைக்கு மூலை சாய்வாகப் படியுங்கள், குறிப்புகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகச் சேர்த்துப் பாருங்கள்.