வேலை ஓடாத நாளில் செய்யக் கூடாதவை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். மூன்று மேசை, ஒரு பிரின்டர், மழை வந்தால் நின்றுபோகும் இன்டர்நெட். 14 வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். இப்போது இரண்டு இளசுகள் என்னிடம் வேலை பழகுகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அவர்களில் ஒருவன் காலை பத்து மணிக்கு ஃபைலைத் திறந்தான். மதியம் ஒன்றரைக்கு எட்டிப் பார்த்தேன். முதல் பத்தியிலேயே கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் செட் பண்ணிட்டிருக்கேன்." இதே பதிலை இதே குரலில் நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மொபைலைத் தள்ளி வை, சீக்கிரம் தூங்கு, தண்ணீர் குடி என்றெல்லாம் இதில் வராது. அதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார்.

மூடு வரட்டும் என்று காத்திருப்பது

மனசு முதலில் வரும், வேலை பின்னால் வரும் என்று நம்பித்தான் நாம் காத்திருக்கிறோம். பெரும்பாலான நாளில் நடப்பது தலைகீழ். மனச்சோர்வுக்குத் தரும் சிகிச்சையிலேயே இதை அடிப்படையாக வைத்து ஒரு முறை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சோன் 1970களில் அதற்கு அடித்தளம் போட்டார். உற்சாகம் வந்ததும் செய்யலாம் என்று விடாமல், சின்னச் சின்னக் காரியங்களை முன்கூட்டியே குறித்துவைத்துச் செய்யச் சொல்வார்கள். செய்யச் செய்ய மனநிலை மெதுவாகப் பின்தொடரும். நோயாளிக்கே இது உதவும் என்றால், வெறுமனே மந்தமாக இருக்கிற நமக்கு உதவாதா?

ஆனால் "சின்னதாக" என்றால் எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பெங்களூர் தர்ஷினிகளில், அதாவது நின்றுகொண்டே சாப்பிடும் சின்ன ஓட்டல்களில், "பை டூ காபி" என்று கேட்டால் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள். அரை டம்ளர் குடிப்பதற்கு இந்த ஊரில் யாரும் கூச்சப்படுவதில்லை. வேலை ஓடாத நாளில் நானும் வேலையைப் பை டூவாகத்தான் கேட்டு வாங்குகிறேன். பக்கக் கணக்கோ மணிக் கணக்கோ கிடையாது. ஃபைலில் நான்கு வரியைத் தேர்ந்து மஞ்சள் அடிப்பேன். அந்த நான்கு வரிதான் இப்போதைக்கு உலகம். முடிந்ததும் பல நாள் கை தானாக அடுத்த நான்கு வரிக்குப் போகும். சில நாள் போகாது. போகாவிட்டால் எழுந்து துணி மடிப்பேன், அப்புறம் வந்து இன்னொரு நான்கு வரி.

தக்காளி வடிவக் கடிகாரத்தை வைத்து 25 நிமிடம் வேலை பார்க்கும் பொமொடோரோ முறை பலருக்கும் தெரியும். 1980களின் கடைசியில் இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ உண்டாக்கியது. அவர் முதலில் தன்னோடு பந்தயம் கட்டியது 10 நிமிடத்துக்குத்தான். புதிதாக வருகிறவர்கள் நேராக 25க்குப் போய், ஆறாவது நிமிடத்தில் தோற்று, "எனக்கு இது செட் ஆகாதுக்கா" என்கிறார்கள்.

தயாரிப்பு என்ற பெயரில் நழுவுவது

அவென்யூ ரோட்டில் நான் வாங்கிக் குவித்த நோட்டுப் புத்தகங்கள் ஒரு அலமாரித் தட்டு நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் முதல் மூன்று பக்கம் அழகான கையெழுத்து, நான்காவது பக்கத்திலிருந்து வெள்ளை. எங்கள் தொழிலில் இதைவிடக் கௌரவமான நழுவல் ஒன்று உண்டு. கலைச்சொல் பட்டியல் போடுகிறேன் என்று உட்கார்ந்துவிடலாம். நாள் முழுக்க எக்செல்லில் சொல் அடுக்கலாம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நீங்கள் உழைப்பாளி.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: இதற்குப் பில் போட முடியுமா?

ஊக்கமூட்டும் வீடியோ பார்ப்பது

ஒன்றோடு நிறுத்திய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆளே காணாமல் போவது

இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத வந்தேன். மற்றதெல்லாம் அரை நாள், ஒரு நாள் நஷ்டம். இது என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றது. இன்றும் நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. இளையவர்கள் இதையே செய்வதைப் பார்க்கும்போது அந்த எரிச்சல் இரட்டிப்பாகிறது.

2015 ஆகஸ்ட். ஒரு ஏஜென்சி எனக்கு மாதாமாதம் வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த முறை வந்தது ரத்தத்தில் சர்க்கரை அளக்கும் கருவியின் கையேடு. 6,200 சொற்கள், ஐந்து நாள். ஒரு நாளைக்கு 2,000 சொல் என்பது எங்கள் தொழிலில் நிதானமான கணக்கு. அப்படிப் பார்த்தால் அவகாசம் தாராளம். திங்கட்கிழமை 300 சொல் ஓடியது. செவ்வாய்க்கிழமை ஒன்றும் ஓடவில்லை. காரணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஜுரம் இல்லை, சண்டை இல்லை. மழை பெய்தது, நான் ஜன்னலைப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை ஏஜென்சியிலிருந்து ஒரு மெயில். "எப்படிப் போகிறது?" என்று ஒற்றை வரி. அவ்வளவுதான், திட்டுகூட இல்லை. "கொஞ்சம் எழுதிவிட்டுப் பதில் போடலாம், அப்போதுதான் சொல்ல ஏதாவது இருக்கும்" என்று நினைத்தேன். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். சொல்ல ஏதாவது இருக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தால், அந்தப் பதில் போடாத மெயில்தான் கண் முன்னால் நிற்கும். எழுத ஓடாது. எழுதாததால் பதில் போட முடியாது. சாயங்காலத்துக்குள் மெயில் பாக்ஸைத் திறக்கவே பயம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை போன் வர ஆரம்பித்தது. சைலன்ட்டில் போட்டேன். திரை ஒளிர்வதைப் பார்க்கப் பொறுக்காமல் சமையலறைக்குக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினேன். ஆனால் அதிர்வை நிறுத்தவில்லை. அது பெரிய எவர்சில்வர் டப்பா, அரிசியும் அடியில் இரண்டு படிதான் இருந்தது. அடுத்த முறை போன் வந்தபோது டப்பாவே உறுமியது. மூடி கடகடவென்று ஆடியது. ஹாலிலிருந்து என் மாமியார், "ஏம்மா, எலி புகுந்திருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை போய் ஏரிப் பக்கம் உட்கார்ந்தேன். அங்கே இருக்கும் திருவள்ளுவர் சிலை 1991ல் வைக்கப்பட்டு, திறக்கப்படாமல் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. 18 வருடம் மூடிக் கிடந்தவருக்கு எதிரே, மூன்று நாளாக ஒளிந்துகொண்டிருப்பவள். சிரிப்புகூட வரவில்லை.

சனிக்கிழமை ஒருவழியாக மெயிலைத் திறந்தேன். முந்தைய நாள் மதியமே அந்த வேலையை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்னால் அனுப்பியிருந்த மெயிலையும் அப்போதுதான் படித்தேன். "தேவைப்பட்டால் புதன் வரை நேரம் தருகிறோம், ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கள்" என்று இருந்தது. நான் டப்பாவுக்குள் போட்டு மூடியது அந்த ஐந்து நாள் நீட்டிப்பைத்தான். அதற்கப்புறம் அங்கிருந்து ஒரு வேலைகூட வரவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தாமதமானவளுக்கு வேலை கொடுக்கலாம், காணாமல் போகிறவளை நம்பி யார் கொடுப்பார்கள்?

பின்னால் இதைப் பற்றிப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. ஃபுஷியா சிரோயிஸ், டிமத்தி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013ல் எழுதிய கட்டுரையில், வேலையைத் தள்ளிப்போடுவதை நேரத்தைக் கையாளத் தெரியாத பிரச்சினையாக அவர்கள் பார்க்கவில்லை. அந்த நிமிடத்து மனக்கசப்பிலிருந்து தப்பிக்கும் முயற்சி என்றே சொல்கிறார்கள். என் கதையில் கசப்பு கையேட்டில் இல்லை. முதல் இரண்டு நாள் வெறும் மந்தம், அது தானாகவே போயிருக்கும். புதனுக்குப் பிறகு நான் ஓடியது வெட்கத்திலிருந்து. மந்தம் ஒரு கிலோ என்றால் வெட்கம் பத்துக் கிலோ. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, "ஏன் எனக்கு மோட்டிவேஷனே வரவில்லை" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொரு ஆய்வும் உண்டு. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் செய்து 2010ல் வெளியிட்டார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்களாம். நம் வீடுகளில் நேர் எதிராகச் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். திட்டினால்தான் உறைக்கும் என்பார்கள். எனக்கு உறைத்ததெல்லாம் ஒளிந்துகொள்ள நல்ல இடம் எது என்பதுதான்.

சரி, என்ன செய்வது? சறுக்கிய அன்றே, வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே, மூன்று வரி அனுப்பிவிடுங்கள். எவ்வளவு முடிந்தது, அடுத்த பகுதி எப்போது வரும், மொத்தம் எப்போது முடியும். நான் அனுப்புவது இப்படி இருக்கும்: "6,200 சொல்லில் 300 முடிந்திருக்கிறது. நாளை மாலை 6 மணிக்கு முதல் 2,000 அனுப்புகிறேன். முழுவதும் திங்கள் காலை." அவ்வளவே. காரணம் எழுத வேண்டாம். காரணம் எழுத ஆரம்பித்தால் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று வந்து நிற்கும். என்னிடம் பழகிய ஒரு பெண் ஒரே வருடத்தில் மூன்று பாட்டிகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இன்னொன்று, சொல்லும் நேரத்தைக் கொஞ்சம் தளர்வாகவே சொல்லுங்கள். வெட்கத்தில் இருப்பவர்கள் சமாதானத்துக்காக முடியாத நேரத்தைச் சொல்லிவிட்டு, மறுபடி டப்பாவைத் தேடுவார்கள்.

"அனுப்பு" பட்டனை அழுத்தும் வரைக்கும் வயிற்றைப் பிசையும். அழுத்திய பிறகு பெரும்பாலும் நாற்காலியில் உட்கார முடிகிறது. ஃபைல் மறுபடி வெறும் ஃபைலாகிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பையனிடமும் இதைத்தான் சொன்னேன். முகம் கறுத்துப் போனது. இருந்தாலும் எழுதினான். கிளையன்ட்டிடமிருந்து ஏழு நிமிடத்தில் பதில் வந்தது: "ஓகே, நோ இஷ்யூ." அவன் நம்ப முடியாமல் அதை இரண்டு முறை என்னிடம் காட்டினான். எல்லோரும் இப்படிப் பதில் சொல்ல மாட்டார்கள் என்பதையும் சொல்லிவைத்தேன். சிலர் கத்துவார்கள். கத்தினாலும் அன்றைக்கே முடிந்துவிடும்.

நல்ல நாளின் அளவுகோலை எடுத்துவருவது

போன வியாழன் 2,800 சொல் செய்தேனே, இன்று ஏன் 400? போன வியாழன் போன வியாழன்தான். அந்த 400ஐ அனுப்புங்கள்.

உடம்பைப் பார்க்காமல் மனசைத் திட்டுவது

சோம்பேறி என்று தன்னைத் தானே ஆறு மாதம் திட்டிக்கொண்டிருந்த தோழி ஒருத்தி, கடைசியில் வேறு எதற்கோ ரத்தப் பரிசோதனை செய்தாள். ஹீமோகுளோபின் 8. அவள் நான்கு வரி பை டூ வேலைகூடச் செய்ய முடியாமல் தவித்ததில் என்ன ஆச்சரியம்? ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு எல்லாமே சோம்பலின் வேஷத்தில்தான் வரும். எந்தப் புத்தாண்டுத் தீர்மானமும் அதைச் சரிசெய்யாது.

அதேபோல, எதிலும் நாட்டமில்லாமல் அல்லது மனம் கனத்தே கிடந்து, அது இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாளும் நீடித்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. வெளியே போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவசச் சேவை. தமிழிலும் பேசலாம்.

ஐந்து மணிக்கு மேல் காபி

குடித்த காபியின் கஃபீனில் பாதி இறங்கவே உடம்புக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நாளைய நாளையும் சேர்த்துக் கெடுக்காதீர்கள்.

ராத்திரி விழித்து ஈடுகட்டுவது

பகலில் ஓடாதது ராத்திரி ஒரு மணிக்கு ஓடும் என்று ஒரு முறை நானும் நம்பினேன். வாஷிங் மெஷின் கையேடு. அன்று உண்மையிலேயே ஓடியது, 3,000 சொல். காலையில் காபியோடு படித்துப் பார்த்தேன். "மாதம் ஒருமுறை மேளத்தைச் சுத்தம் செய்யவும். மேளத்துக்குள் குழந்தைகளை அனுமதிக்க வேண்டாம். மேளம் முழுமையாக நின்ற பிறகே கதவைத் திறக்கவும்." டிரம் வந்த 41 இடத்திலும் மேளம். திருத்தி முடிக்க மதியம் மூன்றாகிவிட்டது.