குட்டிக்கும் வாளிக்கும் ஒரே மடி: ஈன்ற ஆட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பின்னால் பலகைக் கொட்டகை போட்டு, ஜமுனாபாரியோ சானென் கலப்போ இரண்டு மூன்று ஆடு வளர்ப்பவர்கள் ஈன்ற பிறகு செய்யும் தவறுகளில் பாதி ஒரே நினைப்பிலிருந்து வருகின்றன: "குட்டிதான் குடிக்கிறதே, மடியை நாம் ஏன் பார்க்க வேண்டும்?" குட்டி தன் பசிக்குக் குடிக்கும். மடியைக் காலி செய்வது அதன் வேலை இல்லை.

முதல் தவறு குட்டி பிறந்த சில நிமிடங்களிலேயே நடந்துவிடும். காம்பின் நுனியில் மெழுகு போன்ற ஓர் அடைப்பு இருக்கும். குட்டி முட்டி முட்டிச் சப்பும், ஆனால் பால் இறங்காது. பார்ப்பவர்களோ குடித்துவிட்டதாக நினைத்துப் போய்விடுவார்கள். இரண்டு காம்பிலும் இரண்டு மூன்று பீச்சு கறந்து, பால் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே குட்டியை விட வேண்டும். ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கும்போது நோய் எதிர்ப்புப் புரதம் தாயிடமிருந்து குட்டிக்குப் போவதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் வருகிறது. அதை அப்படியே உறிஞ்சும் திறன் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் நின்றுவிடும். 3 கிலோ குட்டிக்கு முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் 150 மில்லி, அன்றைய நாள் முடிவதற்குள் 300 மில்லி உள்ளே போயிருக்க வேண்டும். சர்க்கரை போட்டு அவித்த சீம்பால் யாருக்குத்தான் பிடிக்காது! குட்டிகளின் கணக்கு முடிந்து மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம். அதிலும் கொஞ்சத்தைச் சிறு புட்டிகளில் உறையவைத்தால் அடுத்த ஈற்றுக்கு உதவும். உறைந்ததைக் கொதிநீரில் இளக்கினால் அந்தப் புரதம் கெட்டுப்போகும். கை பொறுக்கும் வெந்நீர் போதும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மடி கனத்திருக்கிறதே என்று முதல் நாளே ஒட்டக் கறந்துவிடுவது. அதிகம் கறக்கும் ஆட்டில் இரத்தத்துச் சுண்ணாம்புச் சத்து திடீரென்று மடிக்கு இறங்கி, ஆடு தள்ளாடும், காது சில்லிடும், தீனி எடுக்காமல் படுத்துவிடும். கால்நடை மருத்துவர் வந்து கால்சியம் ஏற்றும் நிலை வந்துவிடும். முதல் மூன்று நாளும் இறுக்கம் தணியும் அளவுக்கு மட்டும் கறந்தால் போதும்.

ஒற்றைக் குட்டி போட்ட ஆட்டை இன்னும் கவனிக்க வேண்டும். குட்டி ஒரு காம்பைப் பழகிக்கொண்டால் மறுபக்கம் போகாது. அந்தப் பக்கம் பால் தேங்கிக் காம்பு பருக்கும். பருத்த காம்பைக் குட்டியால் வாயில் வாங்க முடியாது, பால் இன்னும் தேங்கும். இரண்டு வாரத்தில் அந்தப் பாதி வற்றும், இல்லையென்றால் மடிநோய் வரும், மடி ஒருபக்கமாகக் கோணிப்போகும். காலையிலும் மாலையிலும் குட்டி குடித்து முடித்ததும் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, கனமாக இருக்கும் பக்கத்தைக் கறந்துவிடுங்கள். மூன்று குட்டி என்றால் கதை வேறு. அங்கே கடைக்குட்டிக்குத்தான் பால் போதாது. தொங்கு தராசில் துணித்தொட்டில் மாட்டி நாலு நாளுக்கு ஒருமுறை எடை பாருங்கள். நாளுக்கு 100 கிராம்கூட ஏறாத குட்டிக்குப் புட்டிப்பால் வேண்டும்.

பங்கு பிரிப்பதில் அவசரம் கூடாது. முதல் இரண்டு வாரம் பால் முழுக்கக் குட்டிக்கே. அதன் பிறகு மாலை ஏழு மணிக்குக் குட்டிகளை அடுத்த தடுப்பில் அடைத்து, காலை ஆறு மணிக்குக் கறந்துவிட்டு, பகல் முழுவதும் தாயோடு விட்டுவிடலாம். தடுப்பு தாயின் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். எங்கோ தூரத்தில் கட்டினால் இரண்டும் இரவெல்லாம் கத்தும். உள்ளே தண்ணீரும் இளந்தழையும் இருக்கட்டும். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) போகும் நாளில் ஐந்தரைக்குக் கறப்பதும், ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு எழுந்து கறப்பதும் பரவலாக நடக்கும் கூத்து. மடி நிரம்பி இறுகினால் பால் சுரப்பு தானாகவே குறையும். அந்த ஒரு நாள் தாமதம் வாரா வாரம் தொடர்ந்தால் கறவை இறங்கிக்கொண்டே போகும், பழி தீனிமேல் விழும்.

புட்டியில் வளர்ப்பதாக இருந்தால் முதல் ஓரிரு நாளிலேயே தொடங்குங்கள். காம்பைப் பழகிய குட்டி ரப்பரை எளிதில் ஏற்காது. பால் 39 டிகிரி சூட்டில் இருக்கட்டும். ஒரு நாளைக்குக் குட்டியின் எடையில் 15 முதல் 20 விழுக்காடு, முதல் வாரம் நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். வீட்டில் தேநீருக்கு வைத்திருக்கும், சர்க்கரை சேர்த்த டின் பாலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது பெரிய தப்பு. கரும்புச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டியின் குடலில் இல்லை, கழிச்சல்தான் மிஞ்சும். பிள்ளையைப் போல மடியில் மல்லாத்திப் போட்டும் ஊட்டாதீர்கள். குட்டி நின்றபடி கழுத்தை மேலே நீட்டிக் குடித்தால்தான் பால் நேராக அதைச் செரிக்கும் நாலாவது வயிற்று அறைக்குப் போகும். ரப்பர்க் காம்பின் ஓட்டையைப் பெரிதாக்கினால் வேகமாக இறங்கும் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் மடியை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதைவிடக் கழுவாமல் இருப்பதே மேல். ஈரம் காம்பு நுனிக்கு வழிந்து கிருமியையும் கூட்டிவரும். ஆட்டுக்கு ஒரு துணி, நன்றாகப் பிழிந்து துடைத்து, காய்ந்த பிறகு கறக்க வேண்டும். முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுத் திப்பியோ இரத்தமோ இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேற்பக்கத்தை மூட, மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும், இழுக்கக் கூடாது. கறந்ததும் கிருமிநாசினி மருந்துநீரில் காம்பை முக்கி எடுத்து, தீனியை அப்போது வையுங்கள். ஆடு அரை மணி நேரம் நின்று தின்றால் திறந்திருக்கும் காம்புத் துளை படுப்பதற்குள் மூடிக்கொள்ளும். காம்பில் மருந்துநீர் காய்ந்த பிறகே குட்டியைத் திறந்துவிடுங்கள். மடி ஒருபக்கம் சூடாகக் கல்லாக இருந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீலம் பாரித்துச் சில்லென்று இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அந்தப் பாலைக் குட்டிக்கும் கொடுக்கக் கூடாது. ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசிய ஆடுகளில் புருசெல்லோசிஸ், மெலியோய்டோசிஸ் என்ற கிருமித்தொற்று நோய்கள் உண்டு. இரண்டும் பால் வழியாக மனிதருக்கு வரக்கூடியவை. பச்சையாகக் குடித்தால்தான் சத்து என்று சொல்பவரிடம் வாதம் வேண்டாம், காய்ச்சிக் கொடுங்கள். நஞ்சுக்கொடியை வெறும் கையால் எடுக்காமல் கையுறை போட்டு எடுத்துப் புதையுங்கள்.

தீனியைத் திடீரென்று கூட்டாதீர்கள். கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 400 கிராம் அடர்தீனி (தானியம், புண்ணாக்குக் கலவை) என்ற அளவுக்கு இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று செம்பனைப் புண்ணாக்கை மட்டும் கொட்டுவது தீனி ஆகாது.

கடைசியாக, குட்டி விற்கும் நாள். தீபாவளிக்கு விலை கூடும்போது மூன்று மாதக் கிடாய் காலையில் லாரி ஏறிவிடும். ஆனால் பகலில் அது குடித்துக்கொண்டிருந்த பால் மடியில் ஊறிக்கொண்டுதான் இருக்கும். நாளுக்கு ஒரு வேளைக் கறவையே பழக்கம் என்று விட்டுவிட்டால் மூன்றாம் நாள் மடி கல்லாகும். விற்ற அன்று மாலையிலிருந்தே இரண்டு வேளை கறக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் விற்பதற்கு இரண்டு வாரம் முன்பே குட்டியைப் பகலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவையுங்கள், கூடவே அடர்தீனியையும் குறைத்துக்கொண்டு வாருங்கள்.