நுகத்தடி 56ஆவது படம்: பெயர் சொல்லும் சோதனையில் நடக்கும் தவறுகள்

மறதி என்று அப்பாவையோ அம்மாவையோ நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனால், படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கும் சோதனை ஒன்று பெரும்பாலும் இருக்கும். அந்த வகையில் பேர்போனது பாஸ்டன் நேமிங் டெஸ்ட். எடித் கேப்லான், ஹரால்ட் குட்கிளாஸ், சாண்ட்ரா வைன்ட்ராப் மூவரும் 1983இல் அமெரிக்காவில் வெளியிட்டது. கோட்டுச் சித்திரங்கள் 60, போகப்போகக் கடினமாகும்.

யாருக்குக் கடினம்? இதைக் கேட்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதுதான் பெரிய தவறு. கடைசி இரண்டு படங்கள் கோணமானியும், மணிகளை நகர்த்திக் கணக்குப் போடும் மணிச்சட்டமும் (அபாகஸ்). ஜியாமெட்ரி பாக்ஸைத் தொட்டே பார்க்காதவருக்குக் கோணமானி தெரியாமல் போவது மூளைக் கோளாறு ஆகாது. அவற்றுக்குச் சற்று முன்னால், 56ஆவது, நுகத்தடி. ஏர் பூட்டிப் பழகிய விவசாயி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவராக இருந்தாலும் பார்த்ததும் சொல்லிவிடுவார். பொறியியல் படித்த பேரன்தான் விழிப்பான். ஆனால் தொடர்ந்து 8 படங்கள் தவறினால் சோதனையை நிறுத்தலாம் என்று விதி. பெரியவர் தனக்குத் தெரிந்த நுகத்தடி வரை வந்துசேராமலே தோற்றிருப்பார்.

கோட்டுச் சித்திரத்தைப் படிப்பதே பள்ளியில் வரும் பழக்கம். எழுத்தறியாதவர்கள் நிஜப் பொருளுக்குச் சரியாகப் பெயர் சொல்லி, அதன் கோட்டுச் சித்திரத்தில் தடுமாறியதைப் போர்ச்சுகலில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தச் சோதனையில் பிரெட்செல் என்ற முறுக்கிய வடிவ மேல்நாட்டுத் தின்பண்டத்தின் படமும் உண்டு. அதைப் பார்த்து நம் ஊர்ப் பாட்டி "முறுக்கு" என்றால், அதை மறதிக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

வயது விஷயத்தில் தவறு வேறு மாதிரி. எழுபதைத் தாண்டினால் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுவது சகஜம். எதற்குப் பயன்படும், எங்கே பார்த்தோம் என்றெல்லாம் சொல்வார்கள். முதல் ஒலியை எடுத்துக் கொடுத்தால் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள். முன்பு நன்கு புழங்கிய பொருளே என்னவென்று தெரியாமல், முதல் ஒலி கொடுத்தும் வராமல் இருந்தால் கவலைப்பட வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். அதனால் என்ன பதில் சொன்னார் என்பதை அப்படியே எழுதி வைக்காத அறிக்கையை நான் பெரிதாக நம்புவதில்லை.

வயதுக்கும் படிப்புக்கும் சலுகை கொடுத்தாயிற்று என்று நிம்மதி அடைவதும் தவறே. முன்பு 59 எடுத்த ஓய்வுபெற்ற பேராசிரியர் இன்று 53 எடுத்தால், அவர் வயதுக்கு அது "இயல்பு" என்றே வயதும் படிப்பும் வாரியாகச் சராசரி மதிப்பெண் தரும் அட்டவணை சொல்லக்கூடும். அவரை ஒப்பிட வேண்டியது அவருடைய பழைய மதிப்பெண்ணோடு.

"எத்தனாவது வரை படித்தார்?" என்பதோடு கேள்வியை முடிக்காதீர்கள். ஐந்தாவதோடு நின்று, ஐம்பது வருடமாகத் தினமும் பேப்பர் படிப்பவர்கள் உண்டு. என்ன வேலை பார்த்தார், வீட்டில் எந்த மொழி என்பதையும் சோதிப்பவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கத்தரிக்கோலை "சிசர்ஸ்" என்பவருக்குப் பொருளும் தெரிகிறது, பெயரும் வருகிறது.

மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.