விடுமுறையில் கலைக்கூடங்களுக்குச் செல்லும் ஓவியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறைக்கு வெளியூர் செல்லும் ஓவியர் தம் பயணத்தில் அருங்காட்சியகங்களையும் கலைக்கூடங்களையும் வண்ணக் கடைகளையும் சேர்த்துக்கொள்வது இயல்பே. ஆனால் வாசலைத் தாண்டியதும் பெரும்பாலோர் தாம் ஓவியர் என்பதை மறந்து சுற்றுலாப் பயணியாகிவிடுகின்றனர். இங்கே சொல்லப்படும் தவறுகளில் பாதியையாவது நானும் செய்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் இவற்றுள் பெரியது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பவை மட்டும் ஏறத்தாழ 35,000. ஒன்றுக்குப் பத்து விநாடி என்று கணக்கிட்டாலும் 97 மணி நேரம் வேண்டும். ஆகவே எதை விடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அதற்கு உதவுவது, வீட்டில் பாதியில் நிற்கும் நம் சொந்த ஓவியம். முகத்தின் நிழல் சேறுபோல் மங்கிப்போகிறது என்பது உங்கள் சிக்கலானால், அன்று ஐந்தாறு உருவப்படங்களில் தாடைக்குக் கீழுள்ள நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். புகழ்பெற்ற பத்து ஓவியங்களைக் காணாமல் வந்துவிட்டோமே என்று மனம் அடித்துக்கொள்ளத்தான் செய்யும், பொருட்படுத்த வேண்டாம்.

ஒரே ஓவியத்தின் முன் அரை மணி நேரம் நிற்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு, அதே லூவ்ரில் இருக்கும் வெர்மீரின் 'சரிகை பின்னும் பெண்' நல்ல சான்று. ஏறத்தாழ 24 செ.மீ. உயரமும் 21 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய ஓவியம் அது. அந்தப் பெண்ணின் விரல்களுக்கிடையே இழுபட்டு நிற்கும் நூல் மயிரிழைபோலக் கூர்மையாக உள்ளது. ஆனால் முன்னால் இருக்கும் திண்டிலிருந்து வழியும் சிவப்பு, வெள்ளை நூல்களை வெர்மீர் நூலாகத் தீட்டவே இல்லை, வண்ணம் சிந்தி ஓடியதுபோல விட்டுவிட்டார். நம் கண் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தக் கூர்மையும் குழைவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மாட்ரிட்டின் ரெய்னா சோபியா அருங்காட்சியகத்தில் உள்ள பிக்காசோவின் 'குவெர்னிக்கா' 3.49 மீட்டர் உயரமும் 7.77 மீட்டர் அகலமும் கொண்டது. கைப்பேசித் திரையில் இரண்டும் ஒரே அளவுதான். எனவே நேரில் செல்பவர் முதலில் கவனிக்க வேண்டியது அளவை; அடுத்து, பக்கவாட்டில் நகர்ந்து நின்று, சாய்வாக விழும் ஒளியில் வண்ணப் பூச்சின் தடிமனை.

அடுத்தது, கண்ணுக்குப் பதிலாகக் கேமராவைப் பார்க்க விடுவது. அருங்காட்சியகப் பொருள்களை முழுமையாகப் படம் பிடித்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாக நினைவில் வைத்திருந்தனர் என்று 2014-இல் வெளியான, உளவியலாளர் லிண்டா ஹென்கெலின் ஆய்வு காட்டியது. ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களிடம் அந்தக் குறை தென்படவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகவே படமே எடுக்கக் கூடாது என்பதில்லை. முதலில் பத்து நிமிடம் வெளிச்சமும் இருட்டும் எங்கெங்கே விழுகின்றன என்று சிறு பென்சில் வரைவு செய்துகொண்டு, பிறகு அனுமதி இருந்தால் தேவையான மூலையை மட்டும் எடுக்கலாம். பல கூடங்கள் பென்சிலை அனுமதித்தாலும் மைப்பேனா, கரித்துண்டு, நீர்வண்ணம் ஆகியவற்றை உள்ளே விடுவதில்லை. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் படம் எடுக்கவே தடை உண்டு.

விதிகளையும் விடுமுறை நாளையும் பார்க்காமல் கிளம்புவது சிறிய தவறுதான், ஆனால் ஒரு நாளையே விழுங்கிவிடும். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. அதே நகரின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். இதைவிட ஏமாற்றம் தருவது, தேடிப் போன ஓவியம் காட்சியிலேயே இல்லாமல் போவது. தாளில் வரைந்தவற்றை ஒளி மங்கச் செய்யும் என்பதால் அவற்றை ஏறத்தாழ 50 லக்ஸ் அளவு குறைந்த வெளிச்சத்தில், குறுகிய காலத்துக்கே வெளியில் வைக்கின்றனர். வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் உள்ள டியூரரின் 1502-ஆம் ஆண்டு முயல் ஓவியத்தின் அசல் அரிதாகவே வெளியே வருகிறது. கோட்டோவியங்களைக் காண விரும்புவோர், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பதுபோன்ற ஆய்வறைகளுக்கு முன்கூட்டியே எழுதி நேரம் பெற்றுச் செல்வதே முறை.

தனியார் கலைக்கூடத்துக்குச் சென்றதும் சுவரில் இருப்பதைப் பாராமல் தம் படைப்புகளைக் கைப்பேசியில் காட்டத் தொடங்குவோரை அடிக்கடி காண்கிறேன். அங்கே இருப்பவர் இன்னோர் ஓவியரின் கண்காட்சிக்காக உழைத்துக்கொண்டிருக்கிறார். கண்காட்சியை முழுமையாகப் பார்த்துவிட்டு, விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்து, புதிய ஓவியர்களின் படைப்புகளை எவ்வாறு பெறுகின்றனர் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு வருவது போதும்.

வண்ணக் கடையில் பெயரை நம்பி வாங்குவது இன்னொரு தவறு. டியூபின் முகப்பில் உள்ள பெயரைவிட, பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்ட நிறமிக் குறியீடே முக்கியம். உண்மையான கோபால்ட் நீலத்துக்கு பிபி 28 (PB 28), காட்மியம் சிவப்புக்கு பிஆர் 108 (PR 108) என்று இருக்கும். பெயரோடு 'ஹியூ' என்ற சொல் ஒட்டியிருந்தால் அது மாற்று நிறமிகளால் ஆன கலவை. தாளின் எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: 56-க்கு 76 செ.மீ. அளவில், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் ஒன்று ஏறத்தாழ 128 கிராம். இருபது தாள் வாங்கினால் இரண்டரைக் கிலோ. எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் கொண்டுவரவே முடியாது. அதை ஊர் திரும்பி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அருங்காட்சியகக் கடைக்குக் கடைசியில் செல்வதும் எனக்குத் தவறாகவே படுகிறது. அஞ்சலட்டையை முதலில் வாங்கி, அதை மூல ஓவியத்தின் முன் எடுத்துச் சென்று ஒப்பிட்டால், அச்சில் நீலம் கூடியிருக்கிறது, நிழல் இதைவிடப் பச்சை என்றெல்லாம் பின்புறத்திலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். கடை நுழைவுச்சீட்டுப் பகுதிக்கு வெளியே இருந்தால் அதே சீட்டில் மறுபடி உள்ளே விடுவார்களா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.