ஒரே ட்ரம்போனில் மூன்று சுரங்கள்: எழுதும் முறையும் வாசிக்கும் முறையும்

ட்ரம்போன் என்னும் பித்தளை ஊதுகருவியை ஊதிக்கொண்டே அதற்குள் பாடினால், ஊதும் சுரமும் பாடும் சுரமும் கேட்பதோடு, யாரும் ஊதாத, பாடாத மூன்றாவது சுரம் ஒன்றும் எழும். ஜெர்மன் இசையமைப்பாளர் வெபர் 1815-இல் திருத்தி முடித்த ஹார்ன் கன்செர்டினோவின் காடென்சாவிலேயே (தனித்து வாசிக்கும் பகுதியிலேயே) இந்த உத்தி இருக்கிறது. ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரிந்து, இதை முதன்முறையாக எழுத முனைபவர்களுக்கானது இந்த விளக்கம்.

படி 1: கணக்கு

வினாடிக்கு 110 அதிர்வுகள் கொண்ட ஏ சுரத்தை ஊதி, 165 அதிர்வுகள் கொண்ட ஈ சுரத்தைப் பாடுவதாகக் கொள்வோம். இது ச–ப உறவு. பாடும் குரல் ஊதும் உதடுகளின் அதிர்வையும் அசைப்பதால், இரண்டின் வித்தியாசமான 55-ம் கூட்டுத்தொகையான 275-ம் புதிதாகப் பிறக்கின்றன. முன்னது கீழ் ஸ்தாயி ஸட்ஜம், அதாவது ஊதும் ஏ சுரமே ஒரு ஸ்தாயி கீழே. பின்னது மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம் (சி ஷார்ப்). அதுவே அந்த மூன்றாவது சுரம். ஆக, ஒருவரே ஒரு முழு மேஜர் கார்டை (ச, க, ப சேர்ந்த சுரக்கூட்டை) ஒலிக்கச் செய்கிறார்.

படி 2: எழுதுதல்

தொடங்குபவர்களுக்கு, இசையை எழுதும் மென்பொருள்களில் நான் மியூஸ்ஸ்கோரையே பரிந்துரைப்பேன். இலவசமானது என்பதோடு, ஒரே ஸ்டாஃபில் இரண்டு குரல்களைத் தனித்தனியே எழுதுவது அதில் எளிது. லில்லிபாண்டில் அச்சு இன்னும் அழகாக வரும். ஆனால் எல்லாவற்றையும் கட்டளைகளாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால், முதல் முயற்சிக்கு அது பொருந்தாது.

பாஸ் கிளெஃபில், பாடும் ஈ சுரத்தை முதல் குரலில் தண்டு மேல்நோக்கியும், ஊதும் ஏ சுரத்தை இரண்டாம் குரலில் தண்டு கீழ்நோக்கியும் எழுதுங்கள். பாடும் நோட்டின் தலையை வைர வடிவத்திற்கு மாற்றி, முதல் இடத்தில் மட்டும் ‘பாடு’, ‘ஊது’ என்று குறித்தால் போதும். இரண்டையும் ஒரே தண்டில் கார்டாக எழுதிவிடாதீர்கள். குரல் நீண்டு நிற்க, வாத்தியம் மட்டும் நகரும் இடங்களை அப்போது எழுதவே முடியாது.

நான் தடுமாறியது மூன்றாவது சுரத்தில்தான். காதில் கேட்பது மூன்று சுரங்கள் என்பதால், மேல் ஸ்தாயி காந்தாரத்தையும் மற்ற இரண்டின் அளவிலேயே எழுதிக் கொடுத்தேன். வாசிக்க வந்தவர் முதல் பாரிலேயே (தாளக் கட்டத்திலேயே) நின்று, “ஒன்றை ஊதுகிறேன், ஒன்றைப் பாடுகிறேன், இந்த மூன்றாவதை எதைக்கொண்டு வாசிப்பது?” என்று கேட்டார். எழுத்தில் முதலிடம் பெற வேண்டியது வாசிப்பவர் செய்ய வேண்டிய செயல். அதனால் விளையும் சுரத்தைத் தண்டில்லாத சிறிய நோட்டாக அடைப்புக்குறிக்குள் காட்டினால் போதும். அதை முழுவதும் விட்டுவிடுவதும் சரியன்று, ஏனெனில் வாசிப்பவர் தம் சுருதியைச் சரிபார்த்துக்கொள்ளும் அடையாளம் அதுவே. கணினியின் பிளேபேக்கில் இதைத் தேடாதீர்கள். அது இரு ஒலிகளை அருகருகே வைப்பதோடு சரி, அதில் ஒன்று மற்றொன்றை அசைப்பதில்லை.

படி 3: வாசித்தல்

ஏ சுரத்தை மெதுவாக, நிலையாக ஊதுங்கள். உடனே பஞ்சமத்திற்குத் தாவாமல், முதலில் அதே சுரத்தைப் பாடுங்கள். இரண்டிற்கும் 2 அதிர்வுகள் வேறுபாடு இருந்தால், வினாடிக்கு இரண்டு முறை ஒலி பெருகித் தணிவது காதுக்குத் தெரியும். அது அடங்கும்வரை குரலைச் சரிசெய்த பிறகு, குரலை மட்டும் இழைத்து ஈ சுரத்திற்கு ஏற்றுங்கள். இடையில் கரகரப்பு கூடும், பஞ்சமம் பொருந்தும் கணத்தில் அது தெளிந்து, அடியிலிருந்து கனத்த ஒலி ஒன்று எழும். குரல் ஏறும்போது உதடுகளும் இறுகி, ஊதும் சுரம் தானும் மேலே நழுவுவதுதான் பெரும்பாலானோர்க்கு நேரும் பிழை. குரலின் அளவை வாத்தியத்தைவிடக் குறைத்தே வைத்திருங்கள்.

பின்சேர்க்கை

உயர்ந்த குரல் உள்ளவர்களுக்குக் கீழே உள்ள 165 எட்டவில்லை என்பது பிறகே தெரியவந்தது. அவர்கள் 275 அதிர்வுகள் கொண்ட சி ஷார்ப்பைப் பாடலாம். 275-இல் 110 போக 165, அதாவது விடுபட்ட பஞ்சமம் தானாகவே வந்துவிடும். இந்த மாற்று வழியை முதற்பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு எழுதும்போது, எழுதிய சுரம் ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும் என்பதால், பாடும் வரியை எப்படி எழுதுவது என்ற ஐயமும் வரும். இரண்டையும் வாத்தியத்தின் இடமாற்றப்படியே எழுதி, அதைக் குறிப்பில் சொல்லிவிடுவதையே நான் விரும்புகிறேன். வாசிப்பவர் கண்ணுக்கு ச–ப இடைவெளி நேராகத் தெரிய வேண்டும்.

குரலால் மட்டுமே இரு சுரங்களை ஒலிக்கச் செய்யும் ஓவர்டோன் பாட்டுக்கும் இதே முறை பொருந்தும். அடிச்சுரத்தைச் சாதாரண நோட்டாக எழுதி, மேலே சிறிய வைர நோட்டும் அதன் ஓவர்டோன் எண்ணும் (அடிச்சுரத்தின் அதிர்வைப்போல் எத்தனை மடங்கு என்பது) கொடுத்து, நாக்கும் உதடும் ஊ-விலிருந்து ஈ-யை நோக்கி எவ்வளவு நகர வேண்டும் என்பதை உயிரெழுத்தால் காட்டுங்கள். 110-ஐ அடிச்சுரமாகக் கொண்டால் 8, 9, 10, 12 ஆகியவை ச, ரி, க, ப என்று அமைகின்றன. 11-ஆவது மட்டும் 1210 அதிர்வுகளோடு சுத்த மத்யமத்திற்கும் பிரதி மத்யமத்திற்கும் நடுவே நிற்கும். அங்கே ஷார்ப் இடுவதா வேண்டாமா என்று குழம்பாமல், 11 என்ற எண்ணையே பெரிதாக எழுதுங்கள்.